ஆர்க்கிட் தொட்டிக்கு நாள் கணக்கு உதவாது

புதுமனை புகுவிழாவுக்கும் பிறந்தநாளுக்கும் பூங்கொத்து கொடுத்து வந்தவர்கள் இப்போது பூத்த ஆர்க்கிட் தொட்டியையே வாங்கிப் போகிறார்கள். பெரும்பாலும் அது ஃபெலனாப்சிஸ். வளைந்த தண்டில் வரிசையாக வெள்ளை அல்லது ஊதாப் பூக்கள், அடியில் நாலைந்து தடித்த இலைகள், பளபளக்கும் பீங்கான் தொட்டி. பூ இரண்டு மூன்று மாதம் வாடாமல் நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். பூ உதிர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. இலை தளர்கிறது, தோல் சுருங்குகிறது. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தம்ளர் ஊற்றுகிறார்கள். இலை மேலும் சுருங்குகிறது. இன்னொரு தம்ளர். ஒன்றிரண்டு மாதத்தில் செடி போய்விடுகிறது. ஆர்க்கிட் நம்ம ஊருக்கு ஒத்துவராது என்ற தீர்ப்போடு தொட்டி மாடிப்படிக்குக் கீழே ஒதுங்குகிறது.

அந்தச் செடியைத் தூக்கி எறியும் முன் பிரித்துப் பார்த்தால் நடந்தது என்னவென்று தெரிந்துவிடும். பீங்கான் தொட்டிக்குள் இன்னொரு மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். அதற்குள் ஸ்பேக்னம் பாசியை இறுக்கி அடைத்திருப்பார்கள். மேலே தொட்டுப் பார்த்தால் பாசி மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். அதையே உருவியெடுத்து நடுப்பகுதியைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். வெளித்தொட்டியின் அடியில் ஓட்டை இல்லாததால் ஊற்றிய தண்ணீரில் ஒரு பங்கு அங்கேயே தேங்கிப் புளித்த வாடை அடிக்கும். வேரை விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறையாகக் கழன்று வந்துவிடும். உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்புதான் மிஞ்சும். வேர் முழுக்க அழுகிய செடி, தண்ணீருக்கு நடுவில் இருந்துகொண்டே தாகத்தில் வாடியிருக்கிறது. தண்ணீர் அதிகமானாலும் குறைந்தாலும் இலை ஒரே மாதிரிதான் சுருங்கும். இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

ஆகவே பார்க்க வேண்டியது வேரை.

ஆர்க்கிட் குடும்பத்தில் ஏறத்தாழ 28,000 இனங்கள் உண்டு. அவற்றில் பத்துக்கு ஏழு மரத்தின்மேல் வளர்பவை. மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. பட்டையைப் பற்றிக்கொள்ள ஓர் இடம், இலைகளினூடே வடிந்து வரும் வெளிச்சம், எந்நேரமும் வேரைத் தடவிப் போகும் காற்று, இவைதான் அவற்றுக்கு வேண்டும். மழை பெய்தால் வேர் நனையும். மழை விட்ட சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். நம் சமவெளிக் காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் காணப்படும் வாண்டா டெசெல்லேட்டா கோடை முழுதும் வெள்ளை வேர்களைக் காற்றில் நீட்டிக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கும் செடி. அப்படிப்பட்ட குடும்பத்துச் செடியைத் தோட்ட மண்ணிலோ ஈரம் விடாத கோகோபீட்டிலோ புதைத்தால் அது மூச்சு முட்டித்தான் சாகும்.

அந்த வெள்ளை வேரின் தோற்றத்துக்குக் காரணம் வெலமென் எனப்படும் மேலுறை. உயிரில்லாத, காலியான செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தது அது. காய்ந்திருக்கும்போது செல்களுக்குள் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் தெரியும். கூடையில் தொங்கும் வாண்டாவின் வேரில் ஒரு கைத் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் பட்ட இடம் முதலில் திட்டுத்திட்டாகக் கருக்கும். பிறகு அந்தத் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேர் பச்சையாகிவிடும். உறை நீரால் நிரம்பியதும் ஒளி ஊடுருவுகிறது, உள்ளேயிருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. ஆர்க்கிட் வேர் வெயிலில் உணவும் தயாரிக்கும். ஃபெலனாப்சிஸை ஒளி புகும் பிளாஸ்டிக் தொட்டியில் வளர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த உறை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதை ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெர்ஹார்ட் ஸோட்ஸும் ஊவே விங்க்லரும் 2013ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். உறை நிமிடக் கணக்கில் நிரம்பிவிடுகிறது. அது காய மணிக்கணக்கில் ஆகிறது. தண்ணீரில் கரைந்து வந்த சத்துகளும் அந்த உறையில் பிடிபட்டு நிற்கின்றன. 1940லேயே டச்சுத் தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட், ஜாவாவின் மலைக்காட்டைப் பார்த்துவிட்டு இதையொட்டி ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார். மழையின் முதல் தண்ணீர்தான் இலையிலும் கிளையிலும் படிந்த தூசியையும் எச்சத்தையும் கழுவிக்கொண்டு மரத்தில் இறங்குகிறது. சத்து அதிகமுள்ளதும் அதுதான். அதைத் தவறவிடாமல் பிடித்துக்கொள்ளத்தான் ஆர்க்கிட் வேருக்கு இந்த உறை என்பது அவர் கருத்து. உரம் போடும் முறைக்கு இது நேராகப் பொருந்தும். அதைப் பிறகு பார்க்கலாம்.

ஐரோப்பியர்கள் இந்தப் பாடத்தைப் படிக்கப் பல ஆயிரம் செடிகளைப் பலிகொடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாக ஆர்க்கிட் போனது. தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி 1830ல் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்தில் இவற்றை வளர்ப்பது பற்றி ஒரு கட்டுரை படித்தார். அதிக வெப்பம், அதிக ஈரம், நிழல் என்பது அதன் சாரம். தோட்டக்காரர்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். காற்று நுழையாத கண்ணாடிக் கூடம், எந்நேரமும் நீராவி, எந்த மலையிலிருந்து வந்த செடியானாலும் அதே கூடம். செடிகள் அழுகின. வெப்பமண்டல ஆர்க்கிட்களுக்கு இங்கிலாந்து ஒரு கல்லறை என்று தாவரவியலாளர்களே சொல்லும் நிலை வந்தது.

நிலைமையை மாற்றியவர்களில் முக்கியமானவர் சாட்ஸ்வர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன். 1835ல் அங்கிருந்து ஜான் கிப்சன் என்ற இளைஞர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். காசி மலைகளில் சேகரித்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆர்க்கிட் வகைகளோடு 1837ல் திரும்பினார். பாக்ஸ்டன் அவற்றை ஒரே கூடத்தில் அடைக்கவில்லை. வெப்பநிலைக்கு ஏற்ப வெவ்வேறு கூடங்கள், ஜன்னலைத் திறந்து காற்று, தரையை நனைத்து வரும் ஈரப்பதம், வளரும் பருவத்துக்கும் ஓய்வுப் பருவத்துக்கும் தனித்தனி அளவில் தண்ணீர் என்று பிரித்தார். செடிகள் பிழைத்தன, பூத்தன. அவர் 1830களில் கண்டுகொண்டதை இன்றைக்கும் நம் வரவேற்பறைகளில் பலர் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் வருத்தம்.

வாரம் ஒருமுறையா, மூன்று நாளைக்கு ஒருமுறையா என்ற கேள்விக்கு வருவோம். ஆர்க்கிட் வாங்குகிற எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இது. விற்கிறவரும் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். எந்தத் தொட்டி, எந்தக் கலவை, எந்த ஊர், எந்த மாதம் என்று தெரியாமல் சொல்லும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. செடியிடமே கேட்க மூன்று வழிகள் உண்டு. ஒளி புகும் தொட்டியென்றால் உள்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் வேரின் நிறத்தைப் பார்க்கலாம். பச்சையென்றால் ஈரம் இருக்கிறது, வெள்ளியென்றால் காய்ந்துவிட்டது. இரண்டாவது எடை. தண்ணீர் ஊற்றிய உடனே தொட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அடுத்தடுத்த நாட்களிலும் தூக்கிப் பார்த்தால் கைக்கு வித்தியாசம் பிடிபட்டுவிடும். மூன்றாவது, ஒரு மூங்கில் குச்சியைக் கலவையின் நடுவரை செருகிச் சிறிது நேரம் விட்டு உருவுவது. குச்சி கருத்து ஈரமாக வந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

எவ்வளவு காய விடுவது என்பது செடியைப் பொறுத்தது. ஃபெலனாப்சிஸுக்குத் தண்ணீரைச் சேர்த்துவைக்க இலையையும் வேரையும் தவிர வேறு இடமில்லை. கலவை காய்ந்துகொண்டு வரும்போதே, எலும்பாகக் காய்வதற்குள், ஊற்றிவிட வேண்டும். டெண்ட்ரோபியத்துக்கும் கேட்லியாவுக்கும் கரும்புக்கணு போன்ற தடித்த தண்டோ குமிழோ சேமிப்புக் கிடங்காக இருக்கிறது. அவை நன்றாகக் காய்ந்து ஒரு நாள் போனாலும் வருத்தப்படாது. தண்டில் ஆழமான சுருக்கம் விழும்வரை மட்டும் விடக்கூடாது. கலவையே இல்லாமல் மரக்கூடையில் தொங்கும் வாண்டாவுக்கு எல்லா நாளும் தண்ணீர் வேண்டும், சித்திரை வெயிலில் இரண்டு வேளை. வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் வேரை முக்கி எடுப்பது தெளிப்பதைவிட நல்லது.

கலவையின் பங்கும் பெரிது. நம் ஊரில் கிடைப்பவை கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, செங்கல் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு, பைன் பட்டை, ஸ்பேக்னம் பாசி. கரியும் செங்கல்லும் சீக்கிரம் காயும், மக்காது. மட்டைத் துண்டு ஈரத்தைப் பிடிக்கும். ஆனால் அதில் உப்பு இருக்கும். பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் தொட்டிக்குள் போட வேண்டும். பைன் பட்டை இரண்டு வருடத்தில் மக்கிப் பொடியாகிவிடும். பொடியானால் காற்று போகும் இடைவெளி அடைபட்டுவிடும். முதல் வருடம் செழித்த செடி அதே கவனிப்பில் மூன்றாவது வருடம் அழுகுவதன் மர்மம் இதுதான். பாசியில் வந்த ஃபெலனாப்சிஸை, பூ முடிந்ததும், பட்டையும் கரியும் கலந்த கலவைக்கு மாற்றிவிடுவது நல்லது. பாசியிலேயே வளர்த்து வெற்றி பெறுகிறவர்கள் உண்டு. தைவானின் பெருந்தோட்டங்கள் ஈரத்தை அளந்து கொடுக்கின்றன. வீட்டுப் பால்கனியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

ஊரும் மாதமும் மாறினால் கணக்கு தலைகீழாகிவிடும். சென்னையில் மே மாதம் பால்கனியில் கரித்துண்டில் நிற்கும் டெண்ட்ரோபியத்துக்குத் தினம் காலையில் தண்ணீர் வேண்டியிருக்கும். அதே செடிக்கு நவம்பர் அடைமழையில் நாட்கணக்காக ஒரு சொட்டும் வேண்டாம். மழையில் நனையாமல் உள்ளே இழுத்து வைப்பதுதான் அப்போது வேலை. கோயம்புத்தூரில் ஆடி மாதம் வானம் மூடியிருக்கும், வெப்பமும் இருக்காது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று ஒரே பகலில் தொட்டியை உலர்த்திவிடும். வெயில் இல்லையே என்று விட்டுவிட்டால் செடி வாடும். ஏசி அறையில் வைத்த தொட்டிக்கு இன்னொரு சிக்கல்: காற்றில் ஈரப்பதம் குறைந்து மொட்டுகள் மலராமலே மஞ்சளாகி உதிரும். ஏசி காற்று நேராகப் படாத இடத்துக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். அடியில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்ட தட்டு வைக்கலாம். தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது.

ஊற்றும்போது கஞ்சத்தனம் வேண்டாம். பூவாளியாலோ மெதுவாகத் திறந்த குழாயாலோ, அடி ஓட்டைகளில் தண்ணீர் தாராளமாக வெளியேறும்வரை ஊற்ற வேண்டும். அரைத் தம்ளர் அரைத் தம்ளராகத் தினம் தெளிப்பதால் நடுப்பகுதி வேருக்குத் தண்ணீரே போவதில்லை, மேற்பகுதியில் உப்பு மட்டும் சேர்கிறது. நேரம் காலையாக இருக்கட்டும். ஃபெலனாப்சிஸ், வாண்டா போன்றவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் கரியமில வாயுவை இழுக்கின்றன. இரவில் இலை உலர்ந்திருப்பது அவற்றுக்கு நல்லது. முக்கியமாக, ஃபெலனாப்சிஸின் இலைகள் சேரும் குருத்தில் தண்ணீர் தங்கக்கூடாது. காட்டில் அது மரத்திலிருந்து சாய்ந்து தொங்குவதால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். நாம் தொட்டியில் நிமிர்த்தி நடுவதால் குருத்து ஒரு குழியாகிவிடுகிறது. தங்கிய தண்ணீரில் குருத்தழுகல் வந்தால் ஒரே வாரத்தில் செடி போய்விடும். தண்ணீர் விழுந்துவிட்டால் மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இன்னொன்று: கோடையில் மொட்டை மாடி டாங்கிலிருந்து வரும் முதல் தண்ணீர் கொதிக்கும். அதை அப்படியே வேரில் விடாமல் முதலில் வாளியில் பிடித்து ஆறவைக்க வேண்டும்.

ஐஸ் கட்டி வைக்கும் வழக்கம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் வாரத்துக்கு மூன்று ஐஸ் கட்டி என்று சொல்லியே ஃபெலனாப்சிஸ் விற்கிறார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தையும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2017ல் முடிவை வெளியிட்டார்கள். பட்டையில் வளரும் செடிகளில் ஐஸால் பூவின் ஆயுளும் குறையவில்லை, வேரும் கெடவில்லை. அளவு தெரியாமல் ஊற்றுகிறவர்களைக் கட்டுப்படுத்த அங்கே அது ஒரு வழி. அடைத்து வைத்த குளிர்ப்பிரதேச வீட்டுக்குள் அந்த அளவு போதும். நம் ஊர் பால்கனியில் வேர் முழுவதும் நனைய அது போதவே போதாது.

இத்தனையும் சரியாகச் செய்தும் செடி தேறவில்லையென்றால் தண்ணீரின் குணத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் ஆர்க்கிட்டைக் கொல்வதில் உப்புத் தண்ணீருக்கு இரண்டாம் இடம் கொடுக்கலாம். கரித்துண்டின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பொரிந்திருந்தால், வளரும் வேரின் பச்சை நுனி கருகியிருந்தால், இலை நுனி பழுப்பாகியிருந்தால் அது உப்பின் வேலை. தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உரம் வாங்கும் முன் அதை வாங்குங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் சொல்கிறது. மனிதர் தாங்கும் அந்த மேல் எல்லையில் பாதியைக்கூட ஆர்க்கிட் வேர் தாங்காது. 200க்குக் கீழே இருந்தால் கவலையில்லை.

போர் தண்ணீர் 800 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பங்கையும், 40 காட்டும் ஆர்.ஓ. தண்ணீர் மூன்று பங்கையும் கலந்தால் 230க்கு இறங்கிவிடும். நாலைந்து தொட்டி வைத்திருப்பவருக்கு இது பெரிய செலவில்லை. மழைநீர் எல்லாவற்றிலும் மேல். 2003லிருந்தே நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கூரையிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு டிரம்மை இணைத்து, முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டுவிட்டுப் பிடித்து மூடி வைத்தால் பல வாரங்களுக்கு ஆகும். செய்யவே கூடாத ஒன்று உண்டு. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். உள்ளே போன 800, கழிவில் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். அது தரை துடைக்கத்தான் லாயக்கு.

இனி உரம். காட்டில் ஆர்க்கிட்டுக்குக் கிடைப்பது முதல் மழை கழுவிக்கொண்டு வரும் சொற்பமான சத்துதான். அதனால் சிறிதளவு, அடிக்கடி என்பதுதான் அதற்குப் பழக்கம். மாதம் ஒருமுறை கெட்டியாகக் கரைத்து ஊற்றுவதால் வேர்நுனி கருகும், மிச்சம் உப்பாகப் படியும். உரக்கடைகளில் சொட்டுநீருக்கென்று விற்கும், தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 போதுமானது. லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்தால் அதில் தழைச்சத்து 190 பிபிஎம். வீட்டுத் தொட்டிக்கு அரை கிராம், அதாவது 95 பிபிஎம், வாரம் ஒருமுறை கொடுத்தால் தாராளம். அதுவும் புது இலை, புது வேர், புதுத் தண்டு வளரும் காலத்தில் மட்டும். வேர் கெட்டுக் கிடக்கும் செடிக்கு உரமே கூடாது. செடி வாடுகிறதே என்று உரம் கொடுப்பது அதன் கடைசி வேர்களையும் பறித்துவிடும்.

கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். அரை கிராம் உரம் என்பது லிட்டரில் 500 மில்லிகிராம். 800 டிடிஎஸ் போர் தண்ணீரில் அதைக் கரைத்தால் வேரின்மேல் விழுவது 1,300. அதே உரத்தை மழைநீரில் கரைத்தால் 550கூட வராது. தண்ணீரைச் சரிசெய்யாமல் உரத்தின் பிராண்டை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

19:19:19 உரத்தில் தழைச்சத்தின் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. அதை அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் வேலையைப் பெரும்பாலும் மண்ணின் நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன. கரித்துண்டில் அவை குறைவு, தண்ணீரும் தங்காது. ஆகவே அனுபவமுள்ள வளர்ப்பவர்கள் நைட்ரேட் வடிவத் தழைச்சத்தை விரும்புகிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிட்களுக்காக உருவான உரக்கலவைகள் இதற்குப் பேர்போனவை. மழைநீர், ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்துவோருக்கு 13-3-15, கிணற்று நீருக்கு 19-4-23. நடுவில் நிற்கும் மணிச்சத்து எவ்வளவு குறைவு என்பதைக் கவனியுங்கள். முதல் கலவையில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் சேர்ந்திருக்கும், ஏனென்றால் மழைநீரில் அவை இல்லை. நம் ஊரில் அந்தக் குறையை மலிவாகத் தீர்க்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 19:19:19க்குப் பதிலாகக் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு அரை கிராம், மாதம் ஒருமுறை எப்சம் உப்பு அதே அளவு. மூன்றையும் ஒரே பாட்டிலில் கெட்டியாகக் கரைத்து வைக்காதீர்கள். சுண்ணாம்புச் சத்து பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் சேர்ந்து வெள்ளையாக அடியில் படிந்துவிடும்.

முதலில் வெறும் தண்ணீரால் வேரை நனைத்துவிட்டுப் பிறகு உரம் என்பது பழைய அறிவுரை. உரம் கெட்டியாக இருந்த காலத்தில் அது வேரைக் காப்பாற்றியது. வெலமென் முதலில் வரும் தண்ணீரைத்தான் பிடித்துக்கொள்கிறது என்று தெரிந்த பிறகு, அரை கிராம் போன்ற மெலிந்த கரைசலை நேராக ஊற்றுவதே அறிவுக்குப் பொருந்துகிறது. கோடையில் எலும்பாகக் காய்ந்து கிடக்கும் தொட்டிக்கு மட்டும் பழைய முறை. மாதம் ஒருமுறை உரமில்லாத நல்ல தண்ணீரைத் தொட்டி நிரம்பி வழிய ஊற்றி, சிறிது நேரம் விட்டு, மறுபடியும் ஊற்றிச் சேர்ந்த உப்பைக் கழுவிவிட வேண்டும்.

இயற்கை உரம் மட்டுமே தருவேன் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. கேரளத்தில் டெண்ட்ரோபியம் வளர்க்கும் பல வீடுகளில் கடலைப் புண்ணாக்கும் மாட்டுச் சாணமும் சேர்த்துப் புளிக்கவைத்து, தெளிவை மட்டும் எடுத்து, நிறையத் தண்ணீர் கலந்து தெளிக்கிறார்கள். செடிகள் கொழுகொழுவென்று இருக்கின்றன. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யாவைப் பயிர்களுக்கு லிட்டருக்கு 30 மில்லி என்ற அளவில் தெளிப்பது வழக்கம். ஆர்க்கிட்டுக்கு அதையும் விடக் குறைவாக, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டித் தர வேண்டும். திப்பி கலவையில் தங்கினால் இடைவெளிகளை அடைக்கும், பூஞ்சணமும் கொசு போன்ற சிறு ஈக்களும் வரும். அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், வாழைப்பழத் தோல் ஊறவைத்த நீர் என்று வீடியோக்களில் வருவனவற்றை மண்ணில் வளரும் ரோஜாவுக்குக் கொடுங்கள். மாவுச்சத்து கரித்துண்டில் ஒட்டிப் புளிப்பதைத் தவிர ஆர்க்கிட்டுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

பூக்கவில்லை என்பதற்காக உரக்கடையில் நடு எண் பெரிதாக உள்ள பையைத் தேடுகிறவர்கள் ஏராளம். மணிச்சத்தைக் கூட்டினால் பூ வரும் என்ற நம்பிக்கை ஆர்க்கிட் விஷயத்தில் பலிப்பதில்லை. ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விடச் சில வாரங்கள் தொடர்ந்து குளிர்ச்சி வேண்டும். பகலில் 25 டிகிரி, இரவில் 20 என்பது அதற்குப் பிடித்த அளவு. 28 டிகிரிக்கு மேலேயே வைத்திருந்தால் இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். சென்னையில் மார்கழி, தை மாதங்களில் ஜன்னலோரம் வைத்த சில செடிகள் தண்டு விடுவதும், மற்ற மாதங்களில் அசையாமல் இருப்பதும் இதனால்தான். பெங்களூரிலோ ஏற்காட்டிலோ இருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. டெண்ட்ரோபியம் பூக்காததற்குக் காரணம் பெரும்பாலும் நிழல். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. இளம்பச்சையாக, லேசான மஞ்சள் சாயலோடு இருந்தால் சரி.

சில இனங்களுக்குத் தண்ணீரை நிறுத்துவதுதான் பூக்கும் வழி. சிக்கிமின் மாநில மலரான டெண்ட்ரோபியம் நோபிலி இமயமலை அடிவாரத்தில் மழைக்காலம் முழுதும் வளர்ந்து, வறண்ட குளிர்காலத்தில் ஓய்ந்து, வசந்தத்தில் பூக்கும். ஐப்பசிக்குப் பிறகு உரத்தை நிறுத்தி, தண்டு சுருங்கிவிடாத அளவுக்கு மட்டும் எப்போதாவது நனைத்தால் கணுவுக்குக் கணு பூ வரும். இரக்கப்பட்டுத் தண்ணீரும் உரமும் தொடர்ந்தால் பூ வரவேண்டிய கணுக்களில் குட்டிச் செடிகள் முளைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் டெண்ட்ரோபியம் அஃபில்லமும் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு வெறுந்தண்டில்தான் பூக்கிறது. இலை உதிர்வதைப் பார்த்துப் பயந்து வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

சமவெளியில் முதல் ஆர்க்கிட் வாங்குகிறவருக்கு ஃபெலனாப்சிஸைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. கல்யாண மேடைகளில் ஊதாவும் வெள்ளையுமாக அடுக்கும் தாய்லாந்துப் பூவான டெண்ட்ரோபியம் சோனியா போன்ற கலப்பினங்களை வாங்குங்கள். வெப்பம் தாங்கும், காலை வெயில் கேட்கும், ஒருநாள் தண்ணீர் தவறினாலும் பொறுக்கும், நன்றாக வளர்ந்தால் வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பூக்கும். மலைப்பாதையோரம் பாசியில் சுற்றி விற்கும் காட்டுச் செடிகளை மட்டும் வாங்காதீர்கள். அவை மரத்திலிருந்து உரித்தவை. அவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை, காட்டிலும் அந்த இடம் காலியாகிவிடும். நர்சரியில் தொட்டியைக் கையில் எடுத்து ஓரங்களைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ கெட்டியான வேர்கள் தெரிந்தால், மொட்டே இல்லாவிட்டாலும் அந்தச் செடியை வாங்கலாம். பழுப்பாக நசுங்கும் வேரென்றால், எத்தனை பூ இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.